ஐம்பது ரூபாய்க்கு எந்த மேஜை?

மதியம் மூன்று மணி. திருவனந்தபுரம் கார்க்கி பவனில் கேரள லாட்டரியின் அன்றைய குலுக்கல் தொடங்கும் நேரம். மாநிலத்தின் இந்தக் கோடியில், வாளையாறு சாலையோரக் கடைகளில், அன்றைய சீட்டு வாங்கியவர்கள் கலைந்துவிட்டார்கள். மறுநாள் சீட்டுகள் மேஜைமேல் விசிறிபோல விரிந்து கிடக்கின்றன. பெயர்ப் பலகைகளில் மலையாளத்துக்குச் சமமாகத் தமிழ். வெளியே நிற்கும் இரு சக்கர வாகனங்களில் கோவைப் பதிவு எண்கள். "அண்ணே, நாளைக்குக் காருண்யா. கடைசி நம்பர் எது வேணும்?" என்று கடைக்காரர் கேட்பது பாலக்காட்டுத் தமிழில்.

இங்கே இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிக்கு 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வேலை போயிற்று. லாட்டரிக் கடைகள் போகவில்லை. வாளையாறில் மட்டுமல்ல, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காடு மாவட்டத்துக்குள் தமிழ்நாட்டுச் சாலை நுழையும் இடமெல்லாம் இதே காட்சிதான். தெற்கே இடுக்கியில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி.

எல்லை தாண்டி வருகிறவர் பெரும் சூதாடி அல்ல. ஐம்பது, நூறு, மிஞ்சினால் ஐந்நூறு. சிறு தொகைக்கு ஆடுகிறவர். உலகத்தில் எங்கே போனாலும் இவருக்கு முன்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: எந்தக் கடை, எந்த மேஜை? கோவாவில் மாண்டவி ஆற்றுக் கப்பலில் போக்கர் மேஜை தேடுகிற பெங்களூர் இளைஞருக்கும், கோபாலபுரத்தில் பஸ் இறங்குகிற பொள்ளாச்சிக்காரருக்கும் இது பொது. இருவருமே முதலில் தவறான விஷயத்தைத்தான் விசாரிக்கிறார்கள். பரிசு எவ்வளவு, யார் ஜெயித்தார்கள் என்று. ஆட்டம் நடத்துகிறவன் எவ்வளவு எடுத்துக்கொள்கிறான் என்று கேட்பவர் அபூர்வம்.

எல்லைக் கடைகளின் கதை தமிழ்நாட்டில் தொடங்குகிறது. கேரளத்தில் 1967இல் இ.எம்.எஸ். அமைச்சரவையின் நிதியமைச்சர் பி.கே. குஞ்ஞு அரசு லாட்டரியைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று விற்பனை தொடங்கியது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு ஐம்பதாயிரம், குலுக்கல் 1968 குடியரசு தினத்தில். தமிழ்நாடும் 1968இல் தன் லாட்டரியைத் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்ற விளம்பரம் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது. வீட்டுக்கும் நாட்டுக்கும் போகாமல் கூலிப் பணம் எங்கோ போகிறது என்பது அப்போது சொல்லப்பட்ட நியாயம். பொய்யான நியாயம் அல்ல. ஆனால் தமிழ்நாட்டுக் கடைகளை மூடினால் பாலக்காட்டுக் கடைகளும் மூடிவிடுமா?

தடை தமிழ்நாட்டில் விற்பனையை ஒழித்தது, ஆசையை அல்ல. லாட்டரியே இல்லாத இந்த மாநிலத்தின் கோவையில்தான் ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம் இருக்கிறது. தேர்தல் பத்திரங்களை நாட்டிலேயே அதிகமாக வாங்கியது அதுதான் என்று 2024 மார்ச்சில் வெளியான பட்டியல் காட்டியது: ரூ.1,368 கோடி. சீட்டு விற்கத்தான் இங்கே தடை.

எல்லைக் கடைகளுக்கு உச்சமான நாள் 2023 செப்டம்பர் 20. அன்று நடந்த திருவோணம் பம்பர் குலுக்கலில் முதல் பரிசு ரூ.25 கோடி, வாளையாறு கடை ஒன்று விற்ற ஐந்நூறு ரூபாய்ச் சீட்டுக்கு விழுந்தது. வாங்கியவர்கள் திருப்பூர் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர். நான்கு மாதம் கழித்து, 2024 ஜனவரியில், கிறிஸ்துமஸ் புத்தாண்டு பம்பரின் ரூ.20 கோடி புதுச்சேரிக்காரர் ஒருவருக்கு. சபரிமலை போய்த் திரும்பும் வழியில் திருவனந்தபுரத்தில் வாங்கிய சீட்டு. அதே 2024இல் ஓணம் பம்பர் கர்நாடக மெக்கானிக் ஒருவருக்குப் போயிற்று, வயநாட்டில் வாங்கியது. மூன்று பெரும் பரிசு வரிசையாக எல்லை தாண்டினால் கடைப் பலகையில் தமிழ் எழுத்து பெரிதாவதில் வியப்பில்லை.

திருப்பூர் நண்பர்களின் கதையில் ஒரு வாலும் உண்டு. அந்தச் சீட்டு தமிழ்நாட்டுக்குள் கள்ளத்தனமாக விற்கப்பட்டது, பரிசைத் தரக்கூடாது என்று கேரள முதல்வருக்குப் புகார் போனது. நண்பர்கள் வாளையாறு கடையில் நேரில் வாங்கியதாகச் சொன்னார்கள். இந்தப் புகார் சிறு ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டியது. கேரள லாட்டரி காகிதச் சீட்டு மட்டுமே. கேரளத்துக்குள் மட்டுமே விற்கப்படுகிறது. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி விற்பதாகச் சொல்பவர், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் கூடுதலாகப் பத்து ரூபாய் வைத்துத் தருபவர் ஆகியோரிடம் வாங்குவது, பரிசு விழாத வரைக்கும் பிரச்சினையில்லாத வியாபாரம்.

இனி கணக்கு. ரூ.25 கோடி என்பது சுவரொட்டியில் இருக்கும் எண். அதில் பத்து சதவீதம், அதாவது இரண்டரைக் கோடி, சீட்டு விற்ற ஏஜென்டுக்கு. மீதி இருபத்திரண்டரைக் கோடியில் முப்பது சதவீதம் வருமான வரி, ஆறே முக்கால் கோடி. மிச்சம் ரூ.15.75 கோடி. இதற்கு மேலும் சர்சார்ஜ், செஸ் என்று கட்ட வேண்டியது உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் நான்கு பேருக்குத் தலைக்கு நான்கு கோடிக்குச் சற்றுக் குறைவு. யாரும் குறைசொல்கிற தொகை அல்ல. ஆனால் அந்தச் சீட்டு எழுபத்தைந்து லட்சத்துக்கு மேல் விற்றவற்றில் ஒன்று.

விழுந்த சீட்டின் கணக்கு இது. விழாத சீட்டின் கணக்குதான் நமக்கு வேண்டியது, ஏனென்றால் நம்மிடம் இருப்பது அதுதான். லாட்டரிமீது 2020 மார்ச் முதல் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். வரி சீட்டின் விலைக்குள்ளேயே அடக்கம். எனவே ஐம்பது ரூபாய்ச் சீட்டில், குலுக்கல் சக்கரம் சுற்றுவதற்கு முன்பே, ரூ.14.29 வரியாகப் போய்விடுகிறது. பாதி டெல்லிக்கு, பாதி திருவனந்தபுரத்துக்கு. பழைய விகிதத்தில் இது ரூ.10.94. மீதி முப்பத்தைந்து ரூபாய் எழுபத்தோரு காசில்தான் கடைக்காரர் கமிஷன், மொத்த ஏஜென்டின் பங்கு, அச்சு, விளம்பரம், அரசின் லாபம் எல்லாம் முடிந்து பரிசு வரவேண்டும். நூற்றுக்கு இருபத்தெட்டரை ரூபாய், முதல் கையிலேயே.

ஒப்பிட்டுப் பார்க்க, ஒரு பழைய சட்டப் புத்தகத்தைப் புரட்டலாம். அர்த்தசாஸ்திரம் அரசாங்கச் சூதாட்டக் கூடத்துக்கு ஓர் அதிகாரியை நியமிக்கிறது. ஜெயித்தவன் பணத்தில் அவர் எடுக்க வேண்டியது நூற்றுக்கு ஐந்து. அதோடு காய்க்கும் இடத்துக்கும் தண்ணீருக்கும் வாடகை. இன்றைய காசினோக்களில் போக்கர் மேஜை நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் குவிந்த பணத்திலிருந்து எடுப்பதும் பெரும்பாலும் அதே ஐந்து சதவீதம்தான். ரேக் என்று பெயர். சில ஊர்களில் பத்து வரை போகும். கௌடில்யருக்குப் பிறகு இந்தத் தொழிலில் விலைவாசி உயரவில்லை போலும்.

ஐந்து சதவீதம் கேட்க மலிவாக இருக்கிறது. அங்கேதான் சிறு ஆட்டக்காரர் ஏமாறுகிறார். லாட்டரியில் கழிவு சீட்டுக்கு ஒருமுறை. போக்கரில் ஒவ்வொரு கைக்கும் ஒருமுறை. உதாரணத்துக்கு, எட்டுப் பேர் ஆளுக்கு ஐயாயிரம் ரூபாயோடு உட்காருகிறார்கள், மேஜையில் நாற்பதாயிரம். ஒரு கைக்குச் சராசரி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் குவிகிறது என்றால் கழிவு எழுபத்தைந்து. மணிக்கு இருபத்தைந்து கை. அதாவது மணிக்கு ரூ.1,875. எட்டு மணி நேரத்தில் பதினைந்தாயிரம் மேஜையைவிட்டே போய்விட்டது. எட்டுப் பேரும் ஒருவரையொருவர் தோற்கடிக்காமல் சமமாக ஆடியிருந்தாலும் எழுந்திருக்கும்போது நாற்பது இருபத்தைந்தாகியிருக்கும்.

பெரிய மேஜையில் இவ்வளவு வலிக்காது. காரணம், கழிவுக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது வழக்கம். உச்சம் ஆயிரத்து ஐந்நூறு என்றால், ஒரு லட்சம் குவிந்த ஆட்டத்தில் அது ஒன்றரை சதவீதம்தான். ஆயிரம் ரூபாய் குவிந்த ஆட்டம் உச்சவரம்பை எட்டிப் பார்ப்பதே இல்லை. அங்கே முழு ஐந்து. பணக்காரனுக்கு மொத்த விலை, ஏழைக்குச் சில்லறை விலை. காசினோவில் குறைந்த தொகை மேஜை தேடுகிறவர் அறையின் விளக்கையும் இலவசச் சாப்பாட்டையும் பார்ப்பதைவிட இந்த மூன்றைக் கேட்டுவிட்டு உட்காருவது நல்லது: எத்தனை சதவீதம், உச்சம் எவ்வளவு, சில்லு வாங்கும்போது வரி யார் தலையில். காசினோவில் சில்லு வாங்கக் கொடுக்கும் தொகைக்கு 2023 அக்டோபர் முதல் 28 சதவீதம் ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 40. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பது நான்காவது கேள்வி. ஊர் சுற்ற வந்தவர்களா, அதையே பிழைப்பாகக் கொண்டவர்களா? போக்கரில் திறமைக்கு இடமுண்டு என்பதன் மறுபக்கம், திறமை இல்லாதவர் பணம் திறமை உள்ளவரிடம் போகிறது என்பது.

ஆனால் வாளையாறுக்காரருக்கு அந்த மேஜை எங்கே இருக்கிறது? கேரளத்தில் காசினோ கிடையாது, தமிழ்நாட்டில் கிடையாது. கோவா 1992இல் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் சூதாட்ட இயந்திரங்களுக்கும், 1996இல் கப்பல் காசினோவுக்கும் சட்டத்தில் வழி செய்தது. 2020 பிப்ரவரி முதல் கோவாக்காரர்களே உள்ளே போகக் கூடாது என்றும் வைத்தது. வெளியூரான் வரலாம். கொழும்பிலும் இலங்கைக் குடிமக்கள் காசினோவுக்குள் போகத் தனி நுழைவுக் கட்டணம். தன் வீட்டுப் பிள்ளையைத் தடுத்துவிட்டு அடுத்த வீட்டுப் பிள்ளையை அழைக்கும் இந்த ஏற்பாடு எல்லா ஊரிலும் இருக்கிறது. சிறு ஆட்டக்காரர் கோவாவுக்கு ரயிலும் அறை வாடகையும் கொடுத்துப் போனால், அதுவும் கழிவுதான். ஐயாயிரம் ரூபாய் ஆட்டத்துக்கு ஐயாயிரம் ரூபாய் பயணம்.

சில ஆண்டுகள் அந்த மேஜை செல்போனுக்குள் வந்தது. பாலக்காட்டு மாடிவீட்டில் உட்கார்ந்து பத்து ரூபாய் ரம்மி, இருபது ரூபாய் போக்கர். கேரள அரசு 2021 பிப்ரவரியில் பணம் வைத்த ஆன்லைன் ரம்மியைத் தடுத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தடையைத் தள்ளியது. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ரம்மியும் போக்கரும் சேர்க்கப்பட்டதை 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. திறமை ஆட்டங்கள் என்பது காரணம். கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்த ஆன்லைன் ஆட்டம் அனைத்தையும் தடை செய்து சட்டம் இயற்ற, பெரிய நிறுவனங்கள் காசு மேஜைகளை எடுத்துவிட்டன.

நீதிமன்றங்கள் திறமையா அதிர்ஷ்டமா என்றே பேசிவந்தாலும், அந்த வழக்குகளுக்கெல்லாம் மூலமான 1967 நவம்பர் 22 தீர்ப்பு இன்னொன்றையும் சொல்லியிருக்கிறது. கேரளம் முதல் லாட்டரிச் சீட்டை விற்ற அதே மாதம். செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கு. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது உச்சநீதிமன்றம். கிளப் சீட்டுக் கட்டுக்கும் இடத்துக்கும் சிறு கட்டணம் வாங்கியது குற்றமல்ல என்றது. ஆனால் பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்துக்காரர் லாபம் சம்பாதிக்கிறார் என்று தெரிந்தால் விஷயம் வேறு என்றும் சொன்னது. நடத்துகிறவன் எவ்வளவு எடுக்கிறான் என்பதை அன்றைக்கே நீதிபதிகள் கேட்டுவிட்டார்கள். ஆடுகிறவர்கள்தான் கேட்பதில்லை.

செல்போன் மேஜையும் மூடியபின் மிச்சம் இரண்டு கடைகள். ஒன்று வாளையாறு, குமுளி வகைக் கவுண்டர். மற்றது பலகை இல்லாத கடை. மூணு நம்பர் என்பார்கள். மலையாளத்தில் எழுத்து லாட்டரி. கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்களை ஊகித்துத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் பணம் கட்டுவது. கேரள அரசுக்கு இதில் ஒரு காசும் இல்லை. அதன் குலுக்கலை மட்டும் இரவல் வாங்கிக்கொள்கிறார்கள். மூன்று இலக்கத்தில் சரியாகச் சொல்லும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஆயிரம் மடங்கு திருப்பித் தருகிற தரகர் எவரும் இல்லை. தர மறுத்தால் புகார் கொடுக்க இடமும் இல்லை. இந்தச் சீட்டில் சிக்கிக் கடனாளியாகி, 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரும் மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் இறந்துபோனார்கள். 2003 தடைக்குப் பதினாறு ஆண்டுக்குப் பிறகு.

ஆக, கழிவு என்று பார்த்தால் வாளையாறுக் கவுண்டர் மலிவான கடை அல்ல. பணம் வரும் என்ற உறுதியைப் பார்த்தால் இருப்பதில் நல்ல கடை அதுதான். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பரிசைக் கேரளத்தில் எந்த லாட்டரிக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அடையாளச் சான்றோடு வங்கிக்கோ லாட்டரி அலுவலகத்துக்கோ போக வேண்டும். இன்னொன்று, அந்தச் சீட்டு ஐம்பது ரூபாயோடு நின்றுவிடுகிறது. மேஜையில் தோற்றவர் மறு கைக்கு உட்காருவார். சீட்டு வாங்கியவர் மறுநாள் மூன்று மணி வரை காத்திருந்தே ஆகவேண்டும்.

நின்றுவிடுகிறது என்பதும் முழு உண்மை அல்ல. குலுக்கல் வாரம் ஏழு நாளும் உண்டு: சம்ருத்தி, பாக்கியதாரா, ஸ்திரீ சக்தி, தனலட்சுமி, காருண்யா பிளஸ், சுவர்ண கேரளம், காருண்யா. 2025 மே மாதத்தில் நாற்பதிலிருந்து ஐம்பதாயிற்று சீட்டு. எல்லா நாளும் முதல் பரிசு ஒரு கோடி. தினம் ஒன்று வாங்கினால் வருடத்துக்குப் பதினெட்டாயிரத்துச் சொச்சம். சிறு பரிசுகள் கடைசி நான்கு எண்ணை வைத்து விழுவதால், ஒரே கடைசி எண் உள்ள சீட்டுகளைக் கட்டாகக் கட்டி 'செட்' என்று விற்கும் பழக்கம் உண்டு. செட் வாங்கியவருக்கு விழுந்தால் எல்லாம் விழும். பெரும்பாலும் எல்லாம் ஒன்றாகக் குப்பைக்குப் போகும். ஜெயித்த பரிசுக்கு வரி போடும்போது தோற்ற சீட்டுகளைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் விடுவதும் இல்லை.

கூட்டாகப் போடுவது கையைக் கடிக்காத வழி. திருப்பூர் நண்பர்கள் செய்தது அதுதான். அதிலும் கவனம் வேண்டும். சீட்டின் பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட இடம் இருக்கிறது. சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முதலாளி. 2021 ஓணம் பம்பரின் பன்னிரண்டு கோடி தனக்குத்தான் என்று துபாயில் ஓட்டல் வேலை பார்த்த வயநாட்டுக்காரர் ஒருவர் ஒரு நாள் முழுக்க நம்பினார். நண்பர் தனக்காக வாங்கி வைத்திருப்பதாகக் கணக்கு. உண்மைச் சீட்டு கொச்சி மரடு பகுதி ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் சட்டைப் பையில் இருந்தது.

இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஏறிப்போகும் தொழிலாளர்கள் மாலையில் கம்பம்மெட்டு வழியாக இறங்குகிறார்கள். கடை முன்னால் ஒரு ஜீப் நிற்கிறது. ஐந்து பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் எடுத்துக் கொடுக்க, முன் சீட்டில் இருப்பவர் இறங்கி ஒரு சீட்டு வாங்குகிறார். "யார் பேரை எழுதறதுக்கா?" என்று கேட்கிறார். பின்னாலிருந்து ஐந்து பெயர்கள் வருகின்றன. ஜீப் கிளம்பிவிடுகிறது. பேனா அவரிடம் இல்லை.